கொல்லிமலையில் ஒரு கிண்ணம் சாமைப் பாயசம்

சேலத்தில் ஜவ்வரிசி கொள்முதலுக்குச் சென்றிருந்தபோது, கூட வந்த நண்பர் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கொல்லிமலை மிளகையும் நேரில் பார்த்துவிட்டுப் போகலாமே" என்றார். மிளகு என்றால் நமக்குக் கால் நிற்காது. மறுநாள் காலை சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் சேர்ந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சோளக்காட்டில் இறங்கினோம். திருப்புட்குழியில் ஏரிக்கரையைத் தவிர வேறு மேடு பார்த்திராத நமக்குத் தலை சுற்றல் நிற்கவே அரை மணி ஆயிற்று.

மிளகு வியாபாரம் அன்று படியவில்லை. ஈரம் அதிகமாக இருந்தது. விலையும் ஒத்து வரவில்லை. ஆனால் வெறுங்கையுடன் திரும்பினோம் என்று சொல்ல மாட்டோம். மிளகுக் கொடி வைத்திருந்த மலையாளி மக்கள் வீடு ஒன்றில் அன்று ஏதோ விசேஷம். (மலையாளி என்பது இம்மலைகளில் வாழும் பழங்குடியினரின் பெயர், கேரளத்தாரைக் குறிப்பதல்ல.) வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று ஆளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தார்கள். முந்திரி இல்லை, திராட்சை இல்லை, ஏலக்காய் இல்லை, பால் கூட இல்லை. வறுத்து வேக வைத்த சாமை அரிசி, வெல்லம், ஒரு பிடி தேங்காய்த் துருவல். அவ்வளவே. ஆனால் வறுத்த சாமையின் வாசனை வெல்லத்தோடு சேர்ந்து எழுந்தபோது, நம் கடையில் ஏலக்காயும் முந்திரியும் கட்டிக் கொடுத்தே பாயசத்தை வாசனைப்படுத்தி வந்த நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

"நன்றாக இருக்கிறதே பாட்டி, தினமும் செய்வீர்களா?" என்று கேட்டோம். அந்த அம்மாள் சிரித்தார். "தினமுமா? குத்துறதுக்கு யாருக்குத் தம்பி கை இருக்கு? கடையில ஜவ்வரிசி வாங்கிப் போட்டா கால் மணி நேரத்துல பாயசம் ஆயிடுது" என்றார்.

ஜவ்வரிசி வாங்க வந்த நமக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது.

காரணத்தை விசாரித்தபோது, அது முழுவதும் நம் வியாபாரத்தைச் சேர்ந்த விஷயமாகவே இருந்தது. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் மானாவாரியாக விளைந்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. அது வளர்ந்து 1981ல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கிழங்குக்குக் கையில் ரொக்கம் கிடைக்கும். அடுத்து வந்த ஆண்டுகளில் மலைமேலும் மரவள்ளி ஏறியது; சாமைக் கொல்லைகள் சுருங்கின. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பள்ளிக்கூடச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் உண்டு.

ஆனால் பணம் மட்டுமே காரணம் அல்ல. உரல்தான் பெரிய காரணம். கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கலாம். சாமை அப்படியல்ல. நெல்லுக்கு உமி போல அதற்கும் கெட்டியான மேல்தோல் உண்டு. மணியோ கடுகைப் போலச் சிறியது. நெல் அரைக்கும் ஆலையில் போட்டால் பாதி தோலோடு வரும், மீதி நொய்யாகப் போகும். ஆகவே பெண்கள் உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கே இத்தனை பாடு என்றால் பாயசத்துக்கு யார் குத்துவார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க முனைந்து, பின்னர் விதையோடு நிறுத்திக்கொள்ளாமல் தோல் நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் அமைக்க உதவினார்கள். மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தித் தானியத்தைப் பொட்டலம் போட்டு விற்கவும் தொடங்கின. நோயை அறிந்து கொடுத்த மருந்து என்று இதைச் சொல்லலாம்.

நாம் ஊர் திரும்பும்போது ஐந்து கிலோ சாமை அரிசி வாங்கி வந்தோம். வாடிக்கைக்காரர்களுக்குக் கால் கிலோவாகக் கட்டிக் கொடுத்து, செய்முறையையும் வாயால் சொன்னோம். பத்து நாளில் தீர்ந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு தவறு செய்தோம். வேறொரு மொத்தக் கடையில் ஒரே தவணையாக இரண்டு மூட்டை எடுத்து இறக்கினோம். பச்சரிசி, புழுங்கலரிசி போல இதுவும் கிடக்கும் என்ற எண்ணம். கோடைக்காலம். இரண்டு மாதத்தில் ஒரு அம்மாள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணே, இது பழைய எண்ணெய் வாசம் வருது, மோந்து பாருங்க" என்றார். மோந்து பார்த்தோம். உண்மைதான். அரை மூட்டைக்கு மேல் மாட்டுத் தீவனமாகப் போயிற்று.

இந்த நஷ்டத்திற்குப் பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதுவது மற்றவர்களுக்குப் பயன்படும். தோல் நீக்காத சாமை பல ஆண்டுகள் கெடாது. தோலே அதற்குக் காவல். தோல் நீங்கியதும் தவிட்டில் உள்ள எண்ணெய்ச்சத்து காற்றோடு சேர்ந்து கசக்கத் தொடங்கும். மில்லில் நன்றாகத் தீட்டித் தவிட்டை எடுத்துவிட்டால் வெள்ளையாகவும் இருக்கும், அதிக நாளும் தாங்கும். ஆனால் எதற்காகச் சாமையை மக்கள் தேடுகிறார்களோ அந்த நார்ச்சத்து குறைந்துவிடும். வெள்ளை வெளேரென்ற சாமையைப் பார்த்து மயங்க வேண்டாம். தவிட்டோடு கூடிய சரக்கு லேசாகச் சாம்பல் நிறம் காட்டும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் தேய்த்து முகர்ந்தால் காறல் உடனே தெரிந்துவிடும். எந்த மாதம் அரைத்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. மூன்று, நான்கு வாரத்தில் தீரும் அளவுக்கே வாங்க வேண்டும். சாமை மாவு என்றால் இன்னும் குறைவாக. தோலோடு வாங்கித் தேவைக்கு அரைக்க வசதி உள்ளவர்கள், நூறு கிலோவுக்கு ஏறக்குறைய அறுபது முதல் அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும் என்ற கணக்கில் விலை போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை நாம் அறிவோம்.

வறுத்தல் என்றதும் நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் மரகதவல்லித் தாயாரை வேண்டி, வறுத்த பயறை ஊறவைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு தங்கும் பெண்கள், காலையில் அது முளைத்திருந்தால் பிள்ளைப்பேறு உண்டு என்று நம்புகிறார்கள். அதற்காக நம் கடையில் பயறு வாங்குவோரும் உண்டு. அது தாயாரின் அருள். வியாபாரக் கணக்கில் வறுத்தது முளைக்காது. வறுத்த சாமையை விதைக்கு வைக்க முடியாது.  வாங்குபவர் வீட்டில் வறுப்பதே சரி.

செய்முறை இதுதான். சாமை அரிசி ஒரு ஆழாக்கு. கல், மண் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசனை வரும்வரை வறுத்து, பிறகு கழுவி, ஐந்து ஆழாக்குத் தண்ணீரில் குழைய வேக வைக்க வேண்டும். ஒன்றரை ஆழாக்கு வெல்லப் பொடியைத் தனியே கரைத்து வடிகட்டி, வெந்த பிறகு ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் சாமை வேகாமல் நறுக்கென்று நிற்கும். கொதி வந்ததும் இறக்கித் தேங்காய்த் துருவல் சேர்த்தால் முடிந்தது. பால் வேண்டுவோர், பாயசம் ஆறிய பின் காய்ச்சி ஆறின பாலைச் சேர்க்கலாம். சூட்டோடு வெல்லத்தில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். ஆற ஆற இறுகும் என்பதால் முதலில் சற்று நீர்க்கவே இறக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து நம் பகுதிக் கடைகளிலும் சாமையைக் கேட்டு வருவோர் உண்டு. கேட்பவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாமை நல்ல தானியம். ஆனால் வெல்லம் போட்ட பாயசம் சர்க்கரை நோய்க்கு மருந்தாகாது. நோய் தீரும் என்று பொட்டலத்தில் அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட பொய் விளம்பரத்துக்கு அபராதம் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஜவ்வரிசி விற்பதை நாம் நிறுத்திவிடவில்லை, நிறுத்தவும் முடியாது. ஜவ்வரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே சாமை டப்பாவையும் வைத்திருக்கிறோம். அதன் மூடியில் அரைத்த மாதத்தைச் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம். அந்தப் பாட்டியின் வீட்டுக்கு அடுத்த முறை மிளகு பார்க்கப் போகும்போது ஒரு கிலோ எடுத்துப் போவதாக இருக்கிறோம். குத்தாமல் கிடைத்த சாமை என்று சொன்னால் நம்புவாரோ என்னவோ.