மலையை மூன்று சுற்று ஓட முடியுமா?

திருவண்ணாமலைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் கிரிவலப் பாதை தெரியும்.

மலையைச் சுற்றி வர 14 கிலோ மீட்டர் தூரம். பவுர்ணமி இரவில் லட்சக்கணக்கான மக்கள் அந்தப் பாதையில் நடக்கிறார்கள். ஒரு சுற்று முடிக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. சுற்றி முடித்ததும், "அப்பாடா! கால் கழன்று போச்சு" என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்து விடுகிறார்கள்.

இதே மலையை நிற்காமல் மூன்று முறை சுற்றினால் எப்படி இருக்கும்? அதுவும் நடந்து அல்ல, ஓடியே சுற்றினால்?

அதுதான் மராத்தான் ஓட்டம்!

மராத்தானின் தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். கிரிவலப் பாதையில் மூன்று சுற்று ஓடினால் 42 கிலோ மீட்டர். அதற்கு மேலும் 195 மீட்டர் பாக்கி இருக்கும்.

"இது மனிதனால் ஆகிற காரியமா?" என்று கேட்கலாம். ஆகிற காரியம்தான். குமாஸ்தாக்கள் ஓடுகிறார்கள். குடும்பப் பெண்கள் ஓடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் ஓடுகிறார்கள். நன்றாகப் பழகிய சாதாரண மனிதர் நான்கைந்து மணி நேரத்தில் ஓடி முடித்து விடுகிறார்.

ஆனால், பழக வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்!

195 மீட்டர் எப்படி வந்தது?

மராத்தான் என்பது கிரேக்க நாட்டில் உள்ள ஓர் ஊரின் பெயர். 2,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு போர் நடந்தது. வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஏதென்ஸ் நகரத்துக்கு ஓடி வந்து சொன்னான், சொன்னதும் உயிரை விட்டான் என்று ஒரு கதை உண்டு.

அந்தக் கதையை வைத்துத்தான் 1896-ல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் மராத்தான் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். அதில் வெற்றி பெற்றவர் ஸ்பிரிடான் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்றவர் அவர்! அப்போது தூரம் சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

1908-ல் ஒலிம்பிக் பந்தயம் லண்டனில் நடந்தது. ஓட்டம் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் ராஜ குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்று ஏற்பாடு. அளந்து பார்த்தால் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர்! 1921-ல் அதுவே நிரந்தரமான அளவாகி விட்டது.

அந்த லண்டன் ஓட்டத்தில் ஒரு பரிதாபம் நடந்தது. இத்தாலியைச் சேர்ந்த டொராண்டோ பியட்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். ஆனால் அவருக்குத் திசை தெரியவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி ஓடினார். விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய் அவரைத் தாங்கி, எல்லைக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். "பிறர் கைபட்டதால் வெற்றி செல்லாது" என்று தீர்ப்பாகி விட்டது!

மீதி இருந்தது கொஞ்ச தூரம்தான். ஆனால் உடம்பில் சக்தி மீதி இல்லை.

அவசரக்காரர் படும் பாடு

ஒரு வாலிபர் மராத்தான் ஓட ஆசைப்படுகிறார் என்று வைத்துக் கொள்வோம்.

முதல் வாரம் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது வாரம் கொஞ்சம் பரவாயில்லை. நான்காவது வாரம் காற்றிலே மிதப்பது போல இருக்கிறது. "இவ்வளவுதானா மராத்தான்!" என்று தினமும் ஓடுகிறார். தூரத்தை இரட்டிப்பு ஆக்குகிறார்.

ஆறாவது வாரம் காலையில் எழுந்து தரையில் காலை ஊன்றினால் குதிகாலில் ஊசி குத்துகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது. மாடிப்படி இறங்க முடியவில்லை.

இது ஏன்?

மூச்சும் இருதயமும் சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகி விடும். தசையும் ஓரளவு சீக்கிரமே பலப்படும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாரும் அப்படி அல்ல. அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சு "ஓடு" என்கிறது. கால் "பொறு" என்கிறது. காலின் பேச்சைக் கேட்காதவருக்கு எலும்பில் மெல்லிய விரிசல்கூட விழலாம். அப்புறம் பல வாரம் ஓட்டமே கிடையாது.

நிறைமாதக் கர்ப்பிணி போல...

கிரிவலம் போகிறவர்களுக்கு வயதானவர்கள் ஒரு வார்த்தை சொல்வது உண்டு. "நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் மெதுவாக நடக்க வேண்டும்" என்பார்கள்.

மராத்தான் பயிற்சிக்கும் இதுதான் முதல் பாடம்!

பெரிய ஓட்டக்காரர்கள்கூடப் பயிற்சியில் பெரும்பகுதி தூரத்தை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடி வருபவருடன் பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

வேகமாக ஓடுவது வாரத்தில் ஒரு நாள் போதும். நீண்ட தூரம் ஓடுவதும் வாரத்தில் ஒரு நாள்தான். இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். ஓடும்போது தசை களைத்து நைந்து போகிறது. தூங்கும்போதுதான் அது சரியாகி, முன்னைவிடப் பலமாகிறது. ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

ஐந்து மாதக் கணக்கு

சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் ஓடிப் பழகியவருக்கு இன்னும் ஐந்து மாதப் பயிற்சி வேண்டும். புதிதாக ஓடுகிறவருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். சென்னை மராத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதில் ஓட நினைப்பவர் ஆகஸ்டிலேயே பயிற்சியைத் தொடங்கி விட வேண்டும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தூரம் அளக்கக் கருவி வேண்டாம். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. அவையே மைல் கல்!

முதல் மாதக் கடைசியில் ஒரு சுற்று ஓட முடிய வேண்டும்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒன்றரைச் சுற்று. ஆனால் ஒன்றரைச் சுற்று முடியும்போது மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலைப் பக்கம் நிற்க வேண்டியிருக்கும். வீடு திரும்ப ஆட்டோவுக்குப் பணம் எடுத்துப் போக மறக்கக் கூடாது!

நான்காவது மாதத்தில் இரண்டு சுற்று. மிஞ்சினால் இன்னும் மூன்று, நான்கு கிலோ மீட்டர்.

அவ்வளவுதான். மூன்றாவது சுற்று போட்டி நாளில்தான்! அதற்கு முன் ஓடிப் பார்த்தால் உடம்பு அலுத்துப் போய், போட்டிக்குத் தேறாது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று வாரம் தூரத்தைக் கூட்டினால், நான்காவது வாரம் குறைக்க வேண்டும். போட்டிக்கு முந்திய இரண்டு, மூன்று வாரம் இன்னும் குறைக்க வேண்டும். ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவதுதான் வழி. நேராக ஏறுகிறவர் நேராக விழுவார்.

பவுர்ணமி அன்றும், தீபத் திருவிழா நாட்களிலும் அந்தப் பாதையில் ஓட முடியாது. மற்ற நாட்களிலும் நடப்பவர்களுக்கு வழிவிட்டு ஓடுவதுதான் முறை.

30-வது கிலோ மீட்டரில் ஒரு சுவர்!

மராத்தான் ஓடுகிறவர்கள் "சுவர்" என்று ஒன்றைச் சொல்வார்கள்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, கேழ்வரகு எல்லாம் சர்க்கரைச் சத்தாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. ஓடும்போது அந்தச் சேமிப்புதான் செலவாகிறது. அது ஏறக்குறைய 30 கிலோ மீட்டருக்குத்தான் வரும்.

சேமிப்பு தீர்ந்ததும் கால் இரும்பாகக் கனக்கும். கண் இருளும். "போதும், உட்கார்!" என்று மனம் சொல்லும். சுவரில் மோதியது போல இருப்பதால் அந்தப் பெயர்.

இதற்கும் மருந்து நிதானம்தான். பல வாரம் மெதுவாக நீண்ட தூரம் ஓடினால், உடம்பு கொழுப்பையும் எரித்துச் சக்தி எடுக்கப் பழகிக் கொள்ளும். ஓடும்போதே நடுநடுவே வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம் சாப்பிடலாம்.

வெறுங்கால் வீரர்

கிரிவலம் வருவோர் செருப்பு இல்லாமல் நடக்கிறார்கள். செருப்பு இல்லாமலே மராத்தானில் வென்ற வீரரும் உண்டு!

அவர் எத்தியோப்பியாவைச் சேர்ந்த அபேபே பிகிலா. மன்னரின் காவல் படையில் வேலை பார்த்தவர். 1960-ல் ரோம் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனார். கிடைத்த காலணி காலுக்குச் சரிப்படவில்லை. வெறுங்காலோடு ஓடினார். இருட்டி விட்டது. ராணுவ வீரர்கள் தீப்பந்தம் பிடித்து வழி காட்டினார்கள். 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் ஓடி முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். கிரிவலக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 45 நிமிடம்!

அவர் சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடியவர். பழக்கம் இல்லாதவர்கள் திடீரென்று அப்படி ஓடினால் கால் புண்ணாகி விடும்.

1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் வந்தது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் பிகிலாவுக்குக் குடல்வால் ஆபரேஷன்! "இவர் எங்கே ஓடப் போகிறார்?" என்றார்கள். ஓடினார். மறுபடியும் தங்கப் பதக்கம்!

1969-ல் ஒரு கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் விட்டது. உலகத்தையே வென்ற கால்கள் நின்று விட்டன. பிகிலா மூலையில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்து கொண்டார். 1973-ல், 41-வது வயதில் காலமானார்.

நம் நாட்டு சிவநாத் சிங்

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். பீகாரில் பிறந்த ராணுவ வீரர் சிவநாத் சிங். அவரும் வெறுங்காலில் ஓடியவர். பாதத்தில் பட்டை ஒட்டிக் கொண்டு ஓடுவார்.

1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மராத்தானில் 11-வது இடம் பிடித்தார். 1978-ல் ஜலந்தர் நகரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்த இந்தியச் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை!

அவருக்கும் இறக்கம் வந்தது. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவரால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. ஆனாலும் ஜலந்தர் ஓட்டத்தை யாரும் மறக்கவில்லை.

பெண்ணுக்கு ஏன் முடியாது?

"பெண்ணுக்கு இது ஆகாது" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வந்தது 1984-ல்தான்.

அதில் வென்றவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்துக்கு 17 நாட்களுக்கு முன்புதான் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது! தேர்விலும் வென்றார். ஒலிம்பிக்கிலும் வென்றார்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் சூர்யா, 2017-ல் டெல்லியில் மராத்தானில் பாதித் தூரத்தை 1 மணி 10 நிமிடம் 31 வினாடியில் ஓடினார். இந்தியப் பெண்களில் அதுவரை அவ்வளவு வேகமாக அந்தத் தூரத்தை ஓடியவர் யாரும் இல்லை!

வெயிலும் தண்ணீரும்

திருவண்ணாமலை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்து விட வேண்டும்.

தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பும் போகிறது. தண்ணீர் மட்டும் ஏறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சம்பழச் சாறு, கஞ்சி ஆகியவை நல்லவை.

ஓடுகிறவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது. ஓடும்போது நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே நின்று விட வேண்டும்.

நிற்கத் தெரிய வேண்டும்

ஓட்டம் கற்பது பாதி. நிற்கக் கற்பது மீதி!

தசை வலி இரண்டு நாளில் போய் விடும். பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் குத்துகிற வலி, நாளுக்கு நாள் கூடுகிற வலி, நொண்ட வைக்கிற வலி வேறு. அதோடு ஓடக் கூடாது. ஒரு வாரம் ஓய்வு எடுத்தால், ஒரு வாரம்தான் போகும். ஓய்வு எடுக்காமல் ஓடினால் ஒரு வருஷமே போய்விடும்.

பலர் ஆறாவது வாரத்தில் மனம் உடைந்து விட்டு விடுகிறார்கள். சிலர் பிடிவாதமாக ஓடிக் காலைக் கெடுத்துக் கொள்கிறார்கள். ஓய்வு எடுத்து, மறுபடி அரைச் சுற்றில் இருந்து வெட்கப்படாமல் தொடங்குகிறவர்தான் போட்டி நாளில் எல்லைக் கோட்டுக்குப் போய்ச் சேருகிறார்.

அவர் மூன்று சுற்றுத் தூரத்தை முடித்து விட்டார். 42 கிலோ மீட்டர் ஆகி விட்டது. இன்னும் 195 மீட்டர் இருக்கிறது. டொராண்டோ பியட்ரி தள்ளாடி விழுந்த கடைசித் தூரம் அது!

இவர் விழவில்லை. ஐந்து மாதமாக மெதுவாக ஓடிச் சேர்த்த பலம், அந்த 195 மீட்டருக்கும் மீதி இருக்கிறது.