செதில் தோலும் தாய் மீது விழும் பழியும்

பிறந்து சில மாதங்களுக்குள் ஆண்பிள்ளையின் காலிலும் வயிற்றிலும் கழுத்திலும் கபில நிறச் செதில்கள் படிகின்றன. தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போவதில்லை. "கழுத்தெல்லாம் ஊத்தை" என்று பள்ளிக்கூடத்தில் கேலி. இது ஊத்தையுமல்ல, குட்டமுமல்ல. ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. 'இக்தியோசிஸ்' எனப்படும் பரம்பரைத் தோல் நோய்களுள் ஒன்று. ஆண்களில் 2000 முதல் 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது.

எமது தோலின் மேற்படையிலுள்ள கலங்கள் இறந்து தாமாகவே உதிர்கின்றன. அவை உதிர வேண்டுமானால் ஒருவகைக் கொழுப்பை 'ஸ்டீராய்ட் சல்பட்டேஸ்' என்னும் நொதியம் சிதைக்க வேண்டும். இப்பிள்ளைகளிடம் அந்த நொதியம் இல்லை என்பதை ஆய்வாளர்கள் 1978இல் கண்டறிந்தனர். அதற்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுசெய்யும். ஆணுக்கு ஒன்றுதான். அது தாயிடமிருந்து வருவது.

சிக்கல் இங்கேதான். கணவனை இழந்து மாமியார் வீட்டில் வாழும் ஒரு சகோதரி, 2009இல் வயிற்றில் பிள்ளையோடு பங்கருக்குள் கிடந்தவர். "செல் புகையைச் சுவாசிச்சதாலயோ மிஸ்?" என்று என்னிடம் கேட்டார். மாமியாரோ, "உன்ர வயித்துக் கோளாறு" என்கிறாராம். புகை காரணமல்ல என்று உடனே சொல்லிவிடலாம். மரபணு தாய்வழி வந்தது என்று சொன்னால், மாமியார் கையில் கத்தியைக் கொடுத்ததாகிவிடாதா?

ஆயினும் மறைக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதை அவர் தேடிப் பெறவில்லை; அவரது தாயிடமிருந்து வந்திருக்கிறது. அவருடைய தாய்மாமனுக்கும் இதே தோல்தான். அந்த மனிதரை எவரும் பழித்ததில்லை!

அவருடைய மகளும் இந்த மரபணுவைக் காவக்கூடும். காவும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இந்நோய் வரச் சரிபாதி வாய்ப்புண்டு. வயிற்றிலுள்ள ஆண்சிசுவிடம் அந்த நொதியம் இல்லையெனில் நஞ்சுக்கொடியில் ஈஸ்ட்ரஜன் சுரப்பது குறையும். பிரசவவலி தொடங்கத் தாமதிக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முற்றாக மாற்றும் மருந்து இல்லை. குளித்த ஈரம் காயுமுன் வசலின் பூசினால் செதில் மிருதுவாகும். யூரியா கலந்த கிரீமும் உதவும். சலிசிலிக் அமிலக் களிம்பைச் சிறுபிள்ளையின் உடல் முழுவதும் பூசாதீர்கள், இரத்தத்தில் சேரும். சில பிள்ளைகளுக்கு விதை பைக்குள் இறங்காதிருக்கும், அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். தோல் கிளினிக்கிற்குப் போகும்போது தாய்மாமன்மாரின் தோலைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள்.