பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தரலாமா? எழும்பூர் கதையும் சாகணுக்கு அதில் உள்ள பாடமும்

நீங்கள் சாகணில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஆறு வயது மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மராத்தியில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் ஆங்கிலம், டிவியில் இந்தி. ஊரிலிருந்து பாட்டி வீடியோ காலில் பேசினால் புரிகிறது. அதே பாட்டி வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு வரி அனுப்பினால், "அப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று போனை உங்களிடம் நீட்டுகிறாள்.

மகாராஷ்டிராவில் 2020-ல் வந்த சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். வாழும் ஊரின் மொழியைக் குழந்தை கற்பது நல்லதுதான். ஆனால் தமிழுக்கு மிஞ்சுவது வார இறுதி மட்டுமே. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கினால், உடனே ஒரு சிக்கல் வரும்: ஒரே அறையில் 5 வயதுப் பிள்ளையும் இருக்கும், 13 வயதுப் பிள்ளையும் இருக்கும். சொல்லித்தர ஆள் ஒருவர்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

வகுப்பு 90 நிமிடம், பிள்ளைகள் 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்க வைத்தால், ஆளுக்கு 6 நிமிடம்தான் கிடைக்கும். தமிழில் எழுத்துகளோ 247. வாரத்துக்கு 6 நிமிடம் என்றால் என்னைக்கு முடிப்பது?

இப்போது பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களோடு ஜோடி சேர்த்து 20 நிமிடம் வாசிக்க விடுங்கள். அந்த 20 நிமிடமும் எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடும். விஷயம் இவ்வளவுதான். இது புதுசும் இல்லை.

இது நம்ம ஊர் ஐடியாவா?

பெரும்பாலும் ஆமாம். "ரொம்ப சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே" என்று யாரையாவது திட்டியிருப்பீர்கள். அந்தச் சட்டாம்பிள்ளை திண்ணைப் பள்ளிக்கூடத்து மூத்த மாணவர். ஆசிரியர் சொன்னதை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பாடம் கேட்பது அவர் வேலை.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அந்தப் பையன் செய்து காட்டினான்.

இங்கிலாந்து திரும்பிய பெல், 1797-ல் இந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. 1832-ல் அவர் இறந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்த முறை இருந்தது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உருவான பள்ளியின் பெயர் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'தான்.

அப்புறம் ஏன் கைவிட்டார்கள்?

அதை மலிவு விலைக் கல்வியாக மாற்றியதால். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதே பெரிய கவர்ச்சியாகிவிட்டது. சொல்லித்தரும் பிள்ளைக்குப் பாடம் சரியாகத் தெரியுமா என்று யாரும் பார்க்கவில்லை. மனப்பாடம் நடந்தது, புரிதல் நடக்கவில்லை. 1846-ல் இங்கிலாந்து அரசு, வயதில் மூத்தவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கும் திட்டத்துக்கு மாறியது.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1982-ல் கோஹன், குலிக், குலிக் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதுபற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சாதாரண வகுப்பில் ஒரு சராசரி மாணவர் 100-ல் 50 பேரை முந்துகிறார் என்றால், இப்படித் துணை கிடைத்த சராசரி மாணவர் 66 பேரை முந்தினார். அதைவிட முக்கியமானது, சொல்லிக்கொடுத்த மாணவரும் 63 பேரை முந்தினார். அதாவது லாபம் இரண்டு பக்கமும்.

இவை பள்ளி வகுப்பறை ஆய்வுகள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை வைத்துச் செய்தவை அல்ல. எனவே அதே எண் உங்கள் வகுப்பிலும் வரும் என்று நினைக்க வேண்டாம். திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் எஜுகேஷன் என்டௌமென்ட் ஃபவுண்டேஷன் ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறது: புதுப் பாடத்தை ஆசிரியரே நடத்த வேண்டும். நடத்திய பாடத்தை உறுதிப்படுத்தத்தான் மாணவர் துணை நல்லது.

சாகணில் எப்படிச் செய்யலாம்?

• ஜோடி: 10 முதல் 13 வயதுப் பிள்ளையை 6 முதல் 8 வயதுப் பிள்ளையோடு சேருங்கள். அக்காவையும் சொந்தத் தம்பியையும் ஜோடியாக்காதீர்கள். வீட்டுச் சண்டை வகுப்புக்கு வந்துவிடும்.

• நேரம்: 20 நிமிடம் போதும். ஒரு சுற்று நான்கிலிருந்து பத்து வாரம். அப்புறம் ஜோடியை மாற்றுங்கள்.

• வாசிப்பு முறை: முதலில் இருவரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கட்டும். சின்னப் பிள்ளை தட்டிக் காட்டினால், பெரிய பிள்ளை நிறுத்திவிட்டுத் தனியாக வாசிக்க விட வேண்டும். தடுமாறினால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுச் சொல்லைச் சொல்லித் தரலாம். திட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது.

• முன்தயாரிப்பு: பெரிய பிள்ளைகள் முதலில் ஆசிரியரிடம் அதே பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒருவரின் தப்பு இருவருக்கும் பழகிவிடும்.

உச்சரிப்பில் சாகண் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மராத்தியில் ளகரமும் ணகரமும் இருப்பதால், 'பலம்', 'பள்ளம்' வித்தியாசம் அவர்கள் காதுக்குப் பழக்கம். ஆனால் ழகரம் மராத்தியில் கிடையாது. அதை ஆசிரியரே கவனிக்க வேண்டும். மராத்தியில் நான்கு எழுத்தாக இருக்கும் க, ககர வரிசை ஒலிகளுக்குத் தமிழில் ஒரே 'க' என்பதும் அவர்களைக் குழப்பும். அந்தக் குழப்பத்தைச் சமீபத்தில்தான் தாண்டி வந்த 12 வயதுப் பிள்ளை, உங்களைவிட நன்றாக விளக்கக்கூடும்.

ஒரு கேள்வி பாக்கி

பெரிய பிள்ளையும் பிள்ளைதான். ஆசிரியர் கிடைக்கவில்லை என்பதற்காக வகுப்பையே அவர் தலையில் கட்டினால், எழும்பூர் ஐடியா இங்கிலாந்தில் போன வழியில்தான் இதுவும் போகும். அவருக்கான தனிப் பாடமும் அதே 90 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்.

வார இறுதித் தமிழ் வகுப்பில் முதலில் நின்றுபோவது பெரும்பாலும் அந்த 12, 13 வயதுக்காரர்கள்தான். டியூஷன், பரீட்சை, 'போர் அடிக்குது'. "நீ வரலைன்னா அந்தக் குட்டிக்கு யாரு வாசிக்கச் சொல்லித் தருவா?" என்ற ஒரு பொறுப்பு அவரை அடுத்த ஞாயிறும் வரவைக்கலாம். அப்படி வந்தால், பாட்டியின் வாட்ஸ்அப் வரியை வாசிக்கக் கற்றவர்கள் இரண்டு பேர்.