ரெப்போ வட்டியும் வீட்டு பட்ஜெட்டும்

ரிசர்வ் வங்கியிடம் வங்கிகள் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டியே ரெப்போ விகிதம். ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி இதை முடிவு செய்கிறது. சில்லறை விலைவாசி உயர்வு 4 சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும், 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கவோ 6 சதவீதத்தைத் தாண்டவோ கூடாது என்பது குழுவுக்குத் தரப்பட்ட இலக்கு.

இந்த முடிவு முதலில் எட்டுவது கடன் வாங்கியவர்களைத்தான். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்படுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

கொரோனா காலத்தில் ரெப்போ 4 சதவீதமாக இருந்தது. 2022 ஏப்ரலில் விலைவாசி உயர்வு 7.79 சதவீதத்தைத் தொட்டதும் மே மாதம் வட்டியேற்றம் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5 சதவீதமானது. 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் கடன் வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். வட்டி இரண்டரை புள்ளி ஏறி 9.5 ஆனால், அசல் குறையாத நிலையில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது. அசல் கரைவதற்குப் பதில் வளரும். அந்தச் சிக்கலைத் தவிர்க்கத் தவணை சுமார் 27,960 ரூபாயாக உயர வேண்டும். கடன்காரரைக் கேட்காமலே தவணைக் காலத்தை நீட்டிக்கொண்டே போவதாகப் புகார்கள் எழுந்ததால், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன்காரருக்குக் கிடைத்தது.

அதே வட்டியேற்றம் வைப்புத்தொகையை நம்பி வாழும் ஓய்வுபெற்றவர்களுக்கு ஆதாயம். 10 லட்சம் ரூபாய் வைப்புக்கு 6 சதவீத வட்டி ஆண்டுக்கு 60,000 ரூபாய். 7 சதவீதமானால் 70,000. ஆனால் போட்ட வைப்பு முதிர்வு வரை பழைய வட்டியிலேயே ஓடும். புதுப்பிக்கும்போதுதான் மாற்றம் தெரியும். 2025-இல் ரெப்போ படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியபோது நிலைமை தலைகீழானது. தவணை கட்டும் மகனுக்கு நிம்மதி, வைப்பைப் புதுப்பிக்கும் தந்தைக்கு வருமானக் குறைவு.

சமையலறைச் செலவில் வட்டியின் பிடி தளர்வானது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவும் பானங்களும் ஏறத்தாழ 46 சதவீத இடம் பிடித்தன. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியதற்குக் காரணம் வரத்துக் குறைவு. வட்டியைக் கூட்டினால் வரத்து பெருகிவிடாது. அப்போது தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. உணவு விலையைப் பொறுத்தவரை கொள்முதல், கையிருப்பு, இறக்குமதி வரி, ரேஷன் ஆகிய அரசின் கருவிகளே குடும்பங்களுக்கு விரைவாகக் கைகொடுக்கின்றன. வட்டி விகிதம் மக்களின் செலவையும் கடனையும் மட்டுப்படுத்தி, பல மாதங்கள் கழித்தே விலைவாசியைத் தொடுகிறது.