உறைபனிக்குக் கீழே – 11: பூச்சிக்கு வாய் திறக்கும் பெருமீன்

லேக் டிரவுட்டின் தாடையைப் பார்த்த யாருக்கும் அது பூச்சி தின்கிற மீன் என்று தோன்றாது. அகன்ற வாய், நாக்கின் மேலும் பல். கனடாவின் வடமேற்கில் இருக்கும் கிரேட் பேர் ஏரியில் 1995-ல் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 72 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 33 கிலோ. இப்படிப்பட்ட மீனுக்காகப் பனியில் ஓட்டை போட்டு உட்காருகிறவர்கள் வெகுகாலமாகப் பெரிய பொய் இரைகளையே இறக்கி வந்தார்கள். பளபளக்கும் தகடு, சிறுமீன் நீளத்துக்கு வெள்ளை ரப்பர்க் குழல், இப்படி. அதே மீன், பூச்சியைப் போலச் செய்த விரல்நகம் அளவு துணுக்கையும் கவ்வுகிறது. சில ஏரிகளில் அதை மட்டுமே கவ்வுகிறது.

நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரில்தான் இது டிரவுட். உண்மையில் ‘சார்’ என்னும் குளிர்நீர் மீன் வகையைச் சேர்ந்தது. குளிர் என்றால் சாதாரணக் குளிர் இல்லை, 10 டிகிரிக்குப் பக்கத்து நீர்தான் இதற்கு இதம். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடும்போது இந்த மீன் ஆழத்துக்கு இறங்கி, அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும். கரையோரத்துப் பூச்சிகள் கண்ணெதிரே இருந்தும் எட்டாது. பனி மூடியதும் அந்தத் தடை போய்விடுகிறது. பனிக்கு ஒட்டினாற்போல் நீர் 0 டிகிரி, அடியில் 4 டிகிரி. ஏரி முழுக்க இந்த மீன் தாராளமாகத் தாங்கும் குளிர். இரண்டு ஆள் ஆழமே உள்ள கரையோர மேடுகளுக்கும் அது வந்து மேயும். மற்ற பல மீன்கள் குளிரில் மந்தப்பட்டுக் கிடக்க, இது சுறுசுறுப்பாகத் திரியும்.

அங்கே மேய என்ன இருக்கிறது? ஈசலைப் போல ஒரே சமயத்தில் கூட்டமாகக் கிளம்பிச் சீக்கிரமே மடிந்துபோகும் மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம், சேற்றுக்குள் வளை தோண்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்க வாழ்கிறது. கொசுவின் உறவினமான கைரோனமிட் புழுக்களும் உண்டு. இவை நமக்கு அந்நியம் இல்லை. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ‘பிளட் வாம்’ என்று விற்கிறார்களே, அந்தச் சிவப்புப் புழுவின் இனம்தான். மூன்றாவது, மைசிஸ் என்ற இறால். பூச்சி இல்லைதான், ஆனால் தூண்டில்காரர்கள் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது ஏரிகளில் தங்கிப்போன இந்த உயிர் வளர்ந்தாலும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். பகலெல்லாம் அடித்தரையில் பதுங்கியிருந்து, இருட்டியதும் மேலே ஏறும். ஆகவே மைசிஸைப் போன்ற இரை பகலில் தரையை ஒட்டித் தொங்க வேண்டும், அந்தி சாயச் சாய மேலே வர வேண்டும். இது புரியாதவர் எவ்வளவு விலை கொடுத்துப் பொய் இரை வாங்கினாலும் பயனில்லை.

இரையின் செய்நேர்த்தியும் பார்க்கத் தகுந்தது. ஒரு சின்ன முள், அதன் கழுத்தில் உலோக மணி, பின்னால் வான்கோழியின் மென்தூவலோ மெல்லிய ரப்பர்க் கால்களோ. எடை 2 முதல் 4 கிராம். முன்பெல்லாம் மணி ஈயத்தில் இருக்கும். இன்று டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.3, ஈயத்துக்கு 11.3. எனவே அதே எடைக்கு உருவம் சிறுக்கிறது, சீக்கிரம் இறங்குகிறது. ஈயத்தை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவை, தூண்டில் ஈயத்தை விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் பொருள்களைக் கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997-லேயே தடைசெய்துவிட்டார்கள்.

இவ்வளவு லேசான இரைக்குத் தடித்த தூண்டில் நரம்பு ஒத்துவராது. 6, 8 பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்புதான் கட்டுவார்கள். பெரிய மீன் மாட்டினால் இழுத்துப் பிடிக்காமல், சுருளைத் தளர்த்தி ஓடவிட்டுத்தான் களைக்கச் செய்ய வேண்டும். பனி ஓட்டையின் விளிம்பில் நரம்பு உரசினால் தீர்ந்தது கதை. ஆட்டுவதிலும் அடக்கம் வேண்டும். கோலின் நுனி நடுங்கினால் போதும், பிறகு அசையாமல் நிறுத்த வேண்டும். பூச்சி குதித்துக் கூத்தாடாது.

நீருக்குள் மீனைக் காட்டும் சோனார் கருவியின் திரையில் கீழிருந்து ஒரு கோடு எழும்பும். மீன் வருகிறது. அப்போது இரையை நிதானமாக மேலே தூக்கிக்கொண்டே போவார்கள், தப்பி ஓடும் இரையைப் போல. மீன் விடாமல் பத்து, இருபது மீட்டர் துரத்தி வரும். பெர்ச் மீன் இப்படிச் சட்டென்று ஏறினால் அதன் காற்றுப்பை உப்பி அவதிப்படும். லேக் டிரவுட்டின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் இருக்கிறது. ஏறும்போதே காற்றை ஏப்பம் விட்டுக் கழித்துவிடும். ஓட்டையில் குமிழிகள் பொங்கினால் மீன் அருகில் என்று அனுபவஸ்தர்கள் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான்.

எல்லா ஏரியிலும் சின்ன இரைதான் உசத்தி என்று சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். சிஸ்கோ போன்ற கொழுத்த இரைமீன் நிறைந்த ஏரியில் பெரிய டிரவுட் வேண்டுமென்றால் பெரிய தகடுதான் சரி. சிஸ்கோவும் மைசிஸும் இல்லாத சிற்றேரிகளில் இதே மீன் நுண்ணுயிரும் பூச்சியும் தின்று, மெலிந்து, அரைக் கிலோ அளவிலேயே நின்றுவிடும். ராஸ்முசென் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990-ல் ஒன்டாரியோ ஏரிகளை, மைசிஸும் சிஸ்கோவும் உண்டா இல்லையா என்று உணவுச் சங்கிலியின் நீளப்படி பிரித்துப் பார்த்தார்கள். சங்கிலி நீள நீள, மீனின் உடலில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை நஞ்சும் கூடியிருந்தது. பூச்சி தின்ற சின்ன மீன் தட்டில் விழுவதே நல்லது, பெரிய மீன் படத்துக்கு மட்டும் நல்லது.

மைசிஸின் மகிமையை அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஃபிளாட்ஹெட் ஏரிக்கு மேலே உள்ள ஏரிகளில் மீனுக்குத் தீனியாகட்டும் என்று அந்த இறாலை விட்டார்கள். 1981-ல் அது ஃபிளாட்ஹெட்டிலேயே தென்பட்டது. கோகனி சால்மன் உண்ணவேண்டிய நுண்ணுயிர்களை இறால் தின்று தீர்த்தது. கோகனி மேலே மேயும் பகலில் இறால் அடியில் பத்திரமாகக் கிடந்தது. அங்கே அதைத் தின்று கொழுத்த லேக் டிரவுட் பெருகிக் கோகனியையும் வேட்டையாடியது. முட்டையிட மெக்டொனால்ட் ஓடைக்கு வந்த கோகனி 1985-ல் ஒரு லட்சத்துக்கும் மேல், 1989-ல் சுமார் 50. அவற்றைத் தின்னக் கூடும் வெண்தலைக் கழுகுகளின் வருகையும் வெகுவாகக் குறைந்துபோனது.

டொரன்டோவிலிருந்து வார இறுதியில் சிம்கோ ஏரிக்குப் போகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமமும் அந்த ஆண்டின் விதிப்புத்தகமும் கையில் இருக்கட்டும். நடக்கத் தெளிந்த பனி 10 சென்டிமீட்டராவது வேண்டும். வெள்ளைப் பனிக்குப் பாதி பலம்தான், அதை இரண்டு மடங்கு பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மீன் மெதுவாக வளர்ந்து, வடக்கே 50 ஆண்டுக்கு மேலும் வாழ்வது. விடப்போகும் மீனைப் பனிமேல் கிடத்திப் படம் எடுக்காதீர்கள், கண்ணும் செவுளும் நொடியில் உறைந்துவிடும். ஓட்டைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள்.