பூத் தொடுத்தவன் மகுடம் எங்கே?

"குந்தவையா இவங்களா? அட போங்கண்ணே!"

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு தேநீர்க் கடை. 2022-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். ஆவி பறக்கும் குவளையைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார் ஒரு கல்லூரி மாணவர். எதிரே, பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. அரம் பிடித்த கையில் இரும்புத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் விடுவாரா?

"தம்பி, நான் படம் போட்ட பழைய பைண்டு புத்தகத்திலேயே பார்த்தவன். கொண்டை எப்படி, பார்வை எப்படின்னு எனக்குத் தெரியும். இந்தம்மா சரியாத்தான் இருப்பாங்க."

"அப்ப நந்தினி?"

"அதை விடுங்கப்பா! வந்தியத்தேவனைச் சொல்லுங்க முதல்லே. குதிரை மேலே உட்காரத் தெரியணும், குறும்பும் தெரியணும். ரெண்டும் சேர்ந்த முகம் எது?" இது மூலையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அரை மணி நேரம்! ஆறிப்போன தேநீர் எத்தனை குவளை! ஊராட்சித் தேர்தலுக்கு வேட்பாளர் தேடும்போதுகூட நம்மவர்கள் இவ்வளவு நேரம் செலவிட்டதாக எனக்கு நினைவில்லை.

கேலி பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம், தோழர்களே! அந்தப் பேச்சில் குரலை உயர்த்திப் பேசியவர்களில் நானும் ஒருவன். வந்தியத்தேவனுக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன். யார் முகம் என்று இப்போது சொல்ல மாட்டேன், அடிக்க வருவீர்கள்!

ஏன் இந்த வேகம்? காரணம் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' கதையைக் கல்கி அவர்கள் தம் ஏட்டில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் எழுதினார். ஓவியர் மணியம் அந்தப் பாத்திரங்களுக்கு முகம் கொடுத்தார். வீட்டுக்கு வீடு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொண்டார்கள். தாய் படித்தாள், மகள் படித்தாள், பேத்தியும் படித்தாள். 1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பின்னர் மலிவுப் பதிப்புகள் பெருகின. காசு குறைந்தவன் கைக்கும் கதை வந்து சேர்ந்தது. இத்தனை பேர் உள்ளத்திலும் ஒவ்வொரு குந்தவை, ஒவ்வொரு அருள்மொழி! அந்த முகத்தை மாற்றப் போகிறேன் என்று ஒருவர் வந்தால் சும்மா இருப்பார்களா?

பேச்சும் இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1958-இலேயே எம்.ஜி.ஆர். அவர்கள் கதையின் உரிமையை வாங்கி, படமாக்கப் போவதாக அறிவித்தார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், டி.எஸ். பாலையா, எம்.என். நம்பியார் என்று நடிகர் பட்டியலே ஊர் ஊராக உலவியது. மறு ஆண்டு நாடக மேடையில் அவர் கால் முறிந்தது, படம் நின்றது, பின்னர் உரிமையைப் புதுப்பித்தும் எழவில்லை. கமல்ஹாசன் முயன்றார், கைகூடவில்லை. மணிரத்னம் 2011-இல் முயன்று, செலவை எண்ணிக் கைவிட்டார். மீண்டும் அவரே துணிந்து, 2019 டிசம்பரில் படப்பிடிப்பைத் தொடங்கினார். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. அறிவிப்புக்கும் வெள்ளித்திரைக்கும் இடையே 64 ஆண்டுகள்! மூன்று தலைமுறை, "யார் நடிப்பார்?" என்று கேட்டுக்கொண்டே காத்திருந்தது.

திரையில் யாருக்கு மகுடம் என்பது நம் நாட்டில் வெறும் பொழுதுபோக்குப் பேச்சும் அன்று. அதைத் திண்டுக்கல்காரனுக்கு வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1973 மே திங்களில்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தது. அதே திங்களில்தான் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, இந்தத் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில், இரட்டை இலைச் சின்னத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. திரையில் கண்ட முகத்துக்கும் பெட்டியில் விழுந்த வாக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதை அளந்து பார்த்த மண் இது. எனவே, "அரசனாக யார்?" என்று கேட்பவனைப் பார்த்து, "வேலையற்றவன்" என்று நான் சிரிக்கமாட்டேன்.

சரி, படம் வந்தது. கார்த்தி வந்தியத்தேவன் ஆனார். விக்ரம் ஆதித்த கரிகாலன் ஆனார். ஜெயம் ரவி அருள்மொழிவர்மர், திரிஷா குந்தவை, ஐஸ்வர்யா ராய் நந்தினி, சரத்குமார் பெரிய பழுவேட்டரையர். தேநீர்க் கடை மாணவர் இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து, "குந்தவை பரவாயில்லைண்ணே" என்றார். பட்டறைத் தோழர் வெற்றிப் புன்னகை பூத்தார். 2023 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகமும் வந்தது. வழக்கு முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போனோம்.

முடிந்ததா?

அடுத்த திங்கள் ஒரு காலைப்பொழுதில் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போயிருந்தேன். எங்கள் சமவெளியின் மல்லிகை எல்லாம் விடியுமுன் வந்து குவியும் இடம். சந்தைக்கு வெளியே மரத்தடியில் ஒரு மூதாட்டி சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். எழுத்து அறியாதவர். ஆனால் சிறுமியாக இருந்தபோது வாத்தியார் வீட்டுத் திண்ணையில், அந்த வீட்டம்மாள் கதை படிக்க, பூத் தொடுத்துக்கொண்டே 'பொன்னியின் செல்வன்' முழுவதையும் கேட்டவர். பேச்சு படத்தின் பக்கம் திரும்பியது.

"பேத்தி கூட்டிட்டுப் போனா தம்பி. நல்லாத்தான் எடுத்திருக்காக. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தப் பூக்காரப் பயதானே கடைசியிலே ராசாவாகணும்? அவனை ஏன் ஆக்கலே?"

எனக்குச் சுருக்கென்றது.

நூலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சேந்தன் அமுதன் என்று ஓர் இளைஞன். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத் தொடுத்துத் தரும் வாய்பேசாத வாணி அம்மையின் மகனாக, குடிசையில் வளர்ந்தவன். படாடோபம் இல்லை, பட்டாடை இல்லை, வாள் பிடிக்கத் தெரியாது, நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் தெரியாது. ஐந்தாம் பாகத்தின் முடிவில் உண்மை வெளிப்படுகிறது. அரண்மனையில் இளவரசனாக வளர்ந்தவன் வேறு ஒருத்தியின் பிள்ளை. செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த மதுராந்தகன் இந்தப் பூத் தொடுக்கும் பிள்ளைதான்! அருள்மொழி தனக்கென வந்த மணிமுடியை எடுத்து அவன் தலையில் வைக்கிறான். கோடிக்கரையில் ஓடம் தள்ளிய பூங்குழலி அரசியாகிறாள்.

படத்தில்? மகுடம் மதுராந்தகன் தலைக்குத்தான் போகிறது. அரண்மனையில் வளர்ந்த, ரகுமான் நடித்த, அதே மதுராந்தகன் தலைக்கு. அஸ்வின் காகமானு நடித்த சேந்தன் அமுதன் பூக்குடலையோடு வந்தான், பூக்குடலையோடு போய்விட்டான்.

64 ஆண்டுகள் முகங்களுக்காக வாதாடினோமே, அந்த மகுடம் பறிபோனபோது எத்தனை பேர் வாய் திறந்தோம்? நான் திறக்கவில்லை. தேநீர்க் கடையில் எவரும் திறக்கவில்லை. எழுத்தறியாத கிழவி கேட்டாள். எழுத்தெண்ணிப் படித்த நாங்கள் குந்தவையின் கொண்டையை அளந்துகொண்டிருந்தோம்!

மறுப்புரைகள் வரும். எனக்கே தெரியும். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

"ஐந்து பாகக் கதை, ஈராயிரம் பக்கத்துக்கு மேல், படமோ இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். வெட்டாமல் எப்படி?" என்பார்கள். உண்மை. வெட்டாமல் படம் இல்லை. மணிரத்னத்தை நான் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. கூண்டில் நிற்க வேண்டியவர்கள் பார்த்தும் பேசாதிருந்த நாம்தான்.

"வரலாற்றில் உத்தம சோழர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை. கற்பனையை நீக்கியதில் என்ன தவறு?" என்பார்கள். வரலாறு பற்றிச் சொன்னது சரி. ஆனால் நந்தினி யார்? ஆழ்வார்க்கடியான் யார்? பூங்குழலி யார்? எல்லோரும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்களே! கற்பனை என்பதற்காக வெட்டுவதென்றால் நந்தினியை அல்லவா முதலில் வெட்டியிருக்க வேண்டும்? அவள் அரியணைக்கருகே நின்றாள், தப்பினாள். அவன் நந்தவனத்தில் நின்றான், மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது மறுப்பு, நானே எழுப்புவது. "சேந்தன் அமுதனும் அரசகுமாரன்தானே? அரச இரத்தம் என்ற சான்றிதழைக் கையில் கொடுத்த பிறகுதானே கல்கியே அவனை அரியணையில் ஏற்றினார்?" ஆம். அந்தக் குறை எனக்கும் உண்டு. வெறும் பூக்காரனாகவே அவனை மணிமுடி சூட்ட அவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அவர் காட்டிய மற்றொன்றைப் பாருங்கள். அரண்மனையில் வளர்ந்தவன் அரியணைக்காக ஏங்குகிறான். குடிசையில் வளர்ந்தவன் வேண்டாம் என்கிறான். வேண்டாம் என்றவன் தகுதியுடையவன் ஆகிறான். அந்தத் தகுதியை அவனுக்குக் கொடுத்தது எது? இரத்தமா? இல்லை, தோழர்களே! வாய்பேசாத ஏழைத் தாய் ஒருத்தியின் வளர்ப்பு! கதையின் நெஞ்சு அங்கேதான் துடிக்கிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததும் அன்று. கல்கி தம் கதையை முடித்த அதே 1954-இல், இங்கிலாந்தில் டோல்கீன் என்ற பேராசிரியரின் மாயக் கதை வெளிவரத் தொடங்கியது. மோதிரம் ஒன்றை அழிக்கப் புறப்பட்ட குள்ளர்களின் கதை. பீட்டர் ஜாக்சன் அதை 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வெளியிட்டார். அங்கேயும் இதே சண்டைதான்: யார் அரசன்? படப்பிடிப்பு தொடங்கிய பின்னர் அரசன் வேடத்துக்கு ஆளையே மாற்றினார்கள்! உலகமே பேசியது. ஆனால் நூலின் இறுதியில், போர் முடிந்து ஊர் திரும்பும் அந்தச் சிறிய மனிதர்கள், தங்கள் கிராமத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொடியவர்களைத் தாங்களே திரண்டு விரட்டும் பகுதி ஒன்று உண்டு. அது படத்தில் இல்லை. சாம் என்ற தோட்டக்காரன் பிறகு ஏழு முறை அந்த ஊரின் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். அதுவும் படத்தில் இல்லை. அரசனுக்கு முடிசூட்டு விழா உண்டு. தோட்டக்காரனுக்குத் தேர்தல் இல்லை!

அங்கே தோட்டக்காரன், இங்கே பூக்காரன். கத்தரிக்கோல் எங்கே போய் நிற்கிறது, பார்த்தீர்களா?

முடியாத செயலா அது? 'பொன்னியின் செல்வன்' பட அறிவிப்பு வந்த அதே 1958-இல்தான் 'நாடோடி மன்னன்' வந்தது. வீதியில் திரிந்த நாடோடி ஒருவன் மன்னன் இடத்தில் அமர்ந்து மக்களுக்காகச் சட்டம் இயற்றுகிறான். கொட்டகை கொட்டகையாக மக்கள் கூடி வரவேற்றார்கள். ஏழை அரியணையில் அமர்ந்தால் படம் ஓடாது என்று எவரேனும் சொன்னால், அந்தப் படத்தை நினைவூட்டுங்கள்.

இப்போது அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. சு. வெங்கடேசன் எழுதிய 'வேள்பாரி'யைத் திரைக்குக் கொண்டுவர விரும்புவதாக இயக்குநர் சங்கர் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்கு ஆனந்த விகடனில் ஓவியம் வரைந்தவர் மணியம் செல்வன். ஆம், அன்று குந்தவைக்கு முகம் கொடுத்த மணியத்தின் மகன்! தந்தை வரைந்த முகங்களுக்காகச் சண்டையிட்டது போதாதென்று, மகன் வரைந்த முகங்களுக்காக இப்போது சண்டை. தேநீர்க் கடையில் அதே பலகை, அதே குரல்கள்: "பாரியாக யார்?"

கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள். நானும் ஒரு முகம் வைத்திருக்கிறேன். ஆனால் பாரி எதற்காக நம் நினைவில் நிற்கிறான்? கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரைக் கொடுத்ததற்காக. அவனுடைய பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை, நம் நத்தத்துக்குக் கிழக்கே சற்றுத் தொலைவில்தான் நிற்கிறது. மூவேந்தரும் முற்றுகையிட்டபோது அந்த மலையில் அவனோடு இருந்தவர்கள் தேன் எடுப்பவரும் தினை விதைப்பவரும். அவர்கள் இல்லாமல் பாரி ஏது?

ஆகவே அடுத்த முறை, "பாரியாக யார்?" என்று ஒருவர் கேட்டால், "பறம்பின் குடிகளாக யார்? அவர்கள் கதை படத்தில் இருக்கிறதா?" என்று மற்றொருவர் கேட்கட்டும். படம் வந்த பிறகு அன்று, வருமுன் கேட்கட்டும். கொடுத்த காசுக்கு முகத்தைப் பார்க்கும் உரிமை மட்டுமா நமக்கு? கதையைக் கேட்கும் உரிமையும் உண்டு.

இல்லையேல், நிலக்கோட்டை மரத்தடியில் சரம் தொடுக்கும் அந்த ஆத்தா மறுபடியும் கேட்பார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, நம்ம ஆளு எங்கே?"

என்ன சொல்லப் போகிறோம்?