செல்லுக்குள் ஓர் ஊர் – 14: வழி மறிக்கும் கிருமி

குரோம்பேட்டை தாண்டினால் தாம்பரத்துக்கு முன்னால் சானடோரியம் ஸ்டேஷன். காலை வேளையில் அங்கே இறங்கும் கூட்டத்தில் முக்கால்வாசி, கழுத்தில் அடையாள அட்டையோடு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளுக்கு ஓடுகிறது. ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் டாக்டர் சௌரி முத்து. 1928-ல் அவர் இங்கே காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் மலைப் பகுதியில் இதே மாதிரி ஒன்றை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, ஈரலில் அமீபாத் தொற்று என்று பிற்காலத்தில் வாதிட்டவர்கள் உண்டு.) தாம்பரத்து சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். நம் உடம்பில் எதையும் விழுங்கிச் செரிக்கிற வெள்ளணுக்கள் இருந்தும் காசநோய்க் கிருமியை ஏன் செரிக்க முடியவில்லை என்று யாருக்கும் தெரியாது.

விடை லைசோசோமின் ஓட்டத்தில் இருக்கிறது. செல்லின் செரிமானப் பையான அதைப் போன வாரம் பார்த்தோம். பாடப்புத்தகப் படத்தில் அது ஒரு மூலையில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் அது ஓயாமல் ஓடுகிறது. செல்லுக்குள் நுண்குழல்கள்தான் தண்டவாளம். டைனீன் என்ற மோட்டார் புரதம் லைசோசோமை பீச் ஸ்டேஷன் பக்கம், அதாவது உட்கருவை நோக்கி இழுக்கும். கைனீசின் செங்கல்பட்டு பக்கம், செல்லின் ஓரத்துக்கு இழுக்கும். இரண்டுமே ஏ.டி.பி.யை உடைத்து நகரும் நொதிகள். எந்த மோட்டார் எப்போது மாட்டப்படும் என்று முடிவு செய்வதும் நொதிகளே. ராப்7 சவ்வில் வந்து ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் டைனீன் வரும்; ஏ.ஆர்.எல்.8 வந்தால் பெரும்பாலும் கைனீசின். தம்மிடமுள்ள ஜி.டி.பி. மூலக்கூறை உடைத்ததும் இரண்டும் அடங்கிவிடும்.

இடம் மாறினால் வேலையும் மாறுகிறது. சத்து தாராளமாகக் கிடைக்கும்போது லைசோசோம்கள் ஓரத்துக்குப் பரவி, செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞைக்குத் துணை நிற்கின்றன. பட்டினி வந்தால் உட்கருவின் பக்கம் குவிந்து, செல்லின் பழைய சாமான்களைச் செரிக்கத் தொடங்குகின்றன. ஓரத்தில் நிற்பவற்றைவிட நடுவில் இருப்பவற்றுக்கு அமிலத்தன்மையும் அதிகம்.

வெள்ளணு விழுங்கிய கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் கிடக்கும்; லைசோசோம் அதோடு வந்து சேர்ந்தால்தான் செரிமானம். காசநோய்க் கிருமி கை வைப்பது இந்தப் போக்குவரத்தில்தான். அதை முதலில் கண்ணால் பார்த்தவர்கள் லண்டனில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும். ஆண்டு 1971. வெள்ளணுக்களின் லைசோசோம்களில் ஃபெரிட்டின் என்ற இரும்புப் புரதத்தை நிரப்பினார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அது கரும்புள்ளிகளாகத் தெரியும். பிறகு கிருமியை விழுங்க வைத்தார்கள். செத்த கிருமி இருந்த பைக்குள் கரும்புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. உயிருள்ள கிருமி இருந்த பைகளில் பெரும்பாலானவை காலி. லைசோசோம் அங்கே போய்ச் சேரவே இல்லை.

டார்சி ஹார்ட்டுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஆய்வுக்கூடத்துக்குள் போனவர். அதற்கு முன் அவர் தலைமை வகித்த காசநோய் ஆய்வுப் பிரிவிலிருந்துதான் வாலஸ் ஃபாக்ஸ் 1956-ல் சென்னைக்கு வந்து, சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையத்தை நடத்தினார். வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959-ல் உலகுக்குச் சொன்னது அந்த மையம்.

கிருமி எப்படி மறிக்கிறது என்பது பின்னால் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. விழுங்கப்பட்ட பையின் சவ்விலுள்ள ஒரு கொழுப்பில் நம் செல்லின் நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவைக்கும். பை அடுத்த கட்டத்துக்குப் போக அந்த ஒட்டு வேண்டும். கிருமி வெளிவிடும் சாப்எம் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டைப் பிய்த்துவிடுகிறது. பிடிபிஏ என்ற இன்னொரு நொதி, பைக்குள் அமிலம் ஏற்றும் பம்பை அண்டவிடுவதில்லை. லைசோசோமுக்குள் பிஹெச் 5-க்குக் கீழே. கிருமியின் பையிலோ 6-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. அமிலத்தோடு சண்டை போடும் வேலையே கிருமிக்கு மிச்சம்.

இந்தப் பைகளை டைனீன்கள் இழுக்கும் விசையை அளந்த வேலை மும்பையில் நடந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழுவினர், வெள்ளணு விழுங்கிய நுண்மணிகளை லேசரால் பிடித்து நிறுத்திப் பார்த்தார்கள். புதிதாக விழுங்கிய மணி முன்னும் பின்னும் அலைபாய்ந்தது. வயதான மணி நேராக உட்கருப் பக்கம் போனது. சவ்வில் கொழுப்புத் திட்டுகள் உருவாகி, டைனீன்கள் அங்கே கூட்டமாகச் சேர்ந்து ஒன்றாக இழுக்கின்றன என்று 2016-ல் எழுதினார்கள். லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் மேலுள்ள ஒரு சர்க்கரைக் கொழுப்பு அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறதாம். வேறு கிருமி, வேறு தந்திரம்.

2004-ல் இன்னொரு செய்தி வந்தது. ஆய்வுக்கூடத்தில் வெள்ளணுவைப் பட்டினி போட்டால் மறியல் உடைந்து, கிருமி லைசோசோமிடம் சிக்குகிறது. இதை வைத்துக்கொண்டு ‘உபவாசம் இருந்தால் டி.பி. ஓடிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் தயவுசெய்து நம்பாதீர்கள். தட்டில் வளரும் செல்லின் பட்டினி வேறு, மனிதனின் பட்டினி வேறு. நம் நாட்டில் காசநோயை வளர்ப்பதில் ஊட்டக்குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு. காசநோயாளிகளுக்கு அரசு சாப்பாட்டுக்காக மாதம் 1000 ரூபாய் தருவது அதனால்தான்.

மருந்து தேடுபவர்களின் கண் இப்போது சாப்எம், பிடிபிஏ இரண்டின் மேலும் இருக்கிறது. காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த சுவர் உண்டு. பல மருந்துகள் அதைத் துளைக்க முடியாமல் தோற்றுப்போகும். இந்த நொதிகளையோ கிருமியே வெளியே அனுப்பிவிடுகிறது. அவற்றை முடக்கும் மருந்து நம் வெள்ளணுவுக்குள் நுழைந்தால் போதும், அந்தச் சுவரைத் தொடவே வேண்டாம்.

(தொடரும்)